ஆடி மாசம் லீவு எடுத்த திருடன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க பேப்பர்ல நாலாம் பக்கத்துல ஓரமா, பாரம்பரிய விடுதியில் பழங்காலப் பாத்திரம் மாயம், பணிப்பெண்கள் இருவரிடம் விசாரணைன்னு ஒரு பொட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. அது எங்க ஊரு விசயம். அதுல கடைசி வரில "உள்ளூர் பாத்திர வியாபாரி ஒருவரிடமும் போலீசார் விசாரித்தனர்"னு இருந்துச்சு பாருங்க, அந்த ஒருவர் நாந்தான். பேரு போடல, சரி, ரொம்ப நன்றி, ஆனா எங்க ஊர்ல பாத்திரத்த வச்சுப் பொழைக்கிறவன்னா நான் ஒருத்தன்தான் இருக்கேன், அதுவும் நான் விக்கிறவன் இல்ல, வாடகைக்கு விடுறவன். அந்த வரிய வாசிச்சுட்டு காலைல டீக்கடைல என்னைப் பாத்து நாலு பேரு சிரிச்சாக, அஞ்சாவது ஆளு சிரிக்கக்கூட இல்ல, அதுதான் ரொம்ப வலிச்சுச்சு.

இப்ப அந்த விசயம் வெளிச்சத்துக்கு வந்துருச்சு. ஆனா வெளிச்சத்துக்கு வந்தது உங்க பேப்பர்ல வரல. அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், புரட்டாசி மாசம், முகூர்த்தம் கிடையாது, எனக்கும் யாவாரம் இல்ல, நீங்களும் பொறுமையாப் படிங்க.

ஊர் பேரு வேணாம். காரைக்குடில இருந்து கானாடுகாத்தான் போற பக்கம், டவுன் பஸ்ஸுல அரை மணி நேரம்னு வச்சுக்கங்க. அங்க ஒரு வீடு இருக்கு, எங்களுக்கெல்லாம் அது பெரிய வீடு, அம்புட்டுத்தான், வேற பேரு கிடையாது. எங்க பக்கத்து நகரத்தார் செட்டியாரு வீடு பாத்திருப்பீங்க, முன்வாசல் ஒரு தெருவுல இருக்கும், முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போயிக்கிட்டே இருந்து பின்வாசல் அடுத்த தெருவுல போய் முடியும். மழைக்கு ஒதுங்குன ஆடு முன்னால பூந்து பின்னால வந்தா வேற தெருவுல நிக்கும். இந்த ரெண்டு தெரு சமாச்சாரத்த மனசுல வச்சுக்கங்க, பின்னால வேணும்.

பர்மாவுல வட்டிக்கடை வச்சிருந்த காலத்துல கட்டுன வீடு. தூணெல்லாம் பர்மா தேக்கு, சுவத்துல முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சுண்ணாம்பும் சேத்துப் பூசுன பூச்சு, கைய வச்சா இன்னைக்கும் ஜில்லுனு வழுக்கும். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததுல இருந்து இந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் வரவு நின்னு செலவு மட்டும் மிஞ்சுன கதை உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல. கடைசியா அதுல குடியிருந்தது ஒரு ஆச்சி. 98ல அவுக போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் பங்காளி அஞ்சு வீட்டுக்காரவுகளும் சென்னை, மலேசியா, அமெரிக்கான்னு இருக்காக, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் வந்து கதவத் தொறந்து கும்பிட்டுட்டுப் போவாக. மத்த நாளெல்லாம் வவ்வாலுக்குத்தான் வீடு.

மூணு வருசத்துக்கு முந்தி ஒரு ஹோட்டல் கம்பெனிக்கு லீசுக்கு விட்டாக. ரெண்டு வருசம் வேலை நடந்துச்சு பாருங்க, நான் குறை சொல்லமாட்டேன், நல்ல வேலை. ஓட்டக் கழட்டி ஒவ்வொண்ணாக் கழுவி திருப்பி அடுக்குனாக. தரைல கல்லு போனதுக்கெல்லாம் ஆத்தங்குடில ஆர்டர் குடுத்து, கண்ணாடி மேல கலர ஊத்தி கையாலயே செஞ்சு தண்ணில ஊறப் போட்டு வெயில்ல காய வச்ச கல்லாவே பதிச்சாக. சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச கொத்தனாருக இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருக்காக, அதுல மூணு பேருக்கு ரெண்டு வருசச் சோறு. செட்டிநாட்டு ஊருக உலகப் பாரம்பரிய இடங்களுக்கான யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல 2014லயே ஏறிருச்சு, அதச் சொல்லித்தான் ஹோட்டல்காரவுக எல்லார்கிட்டயும் பேசுனாக. பாத்ரூமுக்கு மட்டும் ஒரு நல்ல சுவத்த இடிச்சாக, அதுல எனக்கு மனத்தாங்கல் உண்டு, ஆனா ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம் குடுக்குற ஆளு கொல்லைக்கு சொம்பத் தூக்கிக்கிட்டுப் போக முடியுமா.

கார்த்திகைல தொறந்தாக. ரெண்டாங்கட்டு, முன்னாடி ஆச்சி காலத்துல பந்தி போடுற எடம், அத டைனிங் ஹாலா மாத்தி, அந்த ஹாலுக்கு ஓரமா திண்ணை மாதிரி கட்டி, பூட்டிக் கிடந்த சாமான் அறைல இருந்து ஏனத்தையெல்லாம் எடுத்து வரிசையா வச்சாக. பித்தளை அண்டா, செம்புக் கிடாரம், ஜோடுதவலை, வெங்கலப் பானை, எனாமல் அடுக்கு, எல்லாத்துலயும் வீட்டு விலாசம், அதான் குடும்பத்து முதலெழுத்து, வெட்டியிருக்கும். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் சின்ன அட்டைல இங்கிலீஷ்ல எழுத்து. ஒரு கல்யாணத்துல சாமான் பரப்பி வைக்கிறப்ப தவலை மட்டுமே பத்துப் பதினஞ்சு இருக்குற ஊருங்க இது, அதுனால எங்களுக்கு அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, ஆனா வெள்ளக்காரவுக வந்து அண்டாக்குள்ள தலைய விட்டு போட்டோ எடுத்தாக.

தை மாசம் ஒரு நாள் காலைல பாத்தா அந்தப் பெரிய பித்தளை அண்டாவக் காணோம். ரெண்டு ஆளு தூக்குற அண்டா! மேனேஜர் தம்பி, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், நல்ல பையன், பதறிட்டாரு. எங்க தேடியும் இல்ல. மேல எழுதி அனுப்பலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே நாலாம் நாள் காலைல அண்டா அதே எடத்துல அதே அட்டைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு. பையன் பாவம், ராத்திரி தூக்கம் கெட்டு நமக்குத்தான் எதும் ஆயிருச்சோன்னு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசவே இல்லையாம்.

பங்குனில ஜோடுதவலை ரெண்டும் போச்சு. மூணு நாள்ல வந்துருச்சு. வைகாசில மறுபடி அண்டாவும் கூட ஒரு தவலையும். வந்துருச்சு. கேமரா முகப்புல ஒண்ணு, வளவுல ஒண்ணு, ரெண்டுலயும் ஒரு ஈ காக்கா கிடையாது. தை மாசம் தங்கியிருந்த பிரான்ஸ்காரத் தம்பதி ஒருத்தரு மட்டும் விடியக்காலம் மூணு மணிக்கு எங்கயோ மணி அடிச்சுச்சு, டிங்குன்னு ஒரே ஒரு அடி, கோயில் பக்கத்துல இருக்கான்னு கேட்டிருக்காக. கோயில் எங்க ஊர்ல அந்தக் கோடில இருக்கு.

அம்புட்டுத்தான், பேச்சுக் கிளம்பிருச்சு. ஆச்சி வந்துட்டாகன்னு. ஆச்சிக்கு அந்த அண்டா மேல உசிரு, பாத்ரூமுக்கு சுவத்த இடிச்சது பிடிக்கல, அதான் எடுத்து எடுத்து வைக்கிறாகன்னு எங்க தெருவுலயே சொன்னாக. இன்னொரு கோஷ்டி, இது ஹோட்டல்காரனே கிளப்புற விளம்பரம்னுச்சு. ஆனி போச்சு, ஆடி பொறந்துச்சு, ஆடி பூரா ஒரு கரண்டி கூட அசையல. மேனேஜர் தம்பி வெள்ளிக்கிழமை தவறாம சாமி அறைல சூடம் காட்டுனதுலதான் ஆச்சி அடங்கிட்டாகன்னு சமையக்காரரு சொன்னாரு. ஆடின்னா திருடனுக்கும் லீவு போலன்னு நான்கூட அப்ப சிரிச்சேன். சிரிச்சதோட நிக்காம அங்கேயே கொஞ்சம் யோசிச்சிருந்தா எம்புட்டோ மிச்சமாயிருக்கும்.

ஆவணில மூணாவது வாட்டி அண்டா போச்சு. இந்தத் தடவை திரும்பி வரல. நாலு நாளு, அஞ்சு நாளு, ஆறாம் நாள் கம்பெனி ஹெட் ஆபீசுல இருந்து ஆளு வந்துட்டாக, வந்தவுக அட்டை இருக்கு அண்டா எங்கன்னு கேட்டாக, தம்பி முன்ன நடந்ததெல்லாம் சொல்ல, அதக் கேட்டு இன்னும் கோபம் ஜாஸ்தியாகி நேரா போலீசு கம்ப்ளைண்டு. உள்ள போக வர இருக்குறது யாரு, கூட்டித் தொடைக்கிற ரெண்டு பொம்பளைக. அவுகள நாளைல இருந்து வேலைக்கு வரவேணாம்னுட்டாக. விசாரிச்சாகளே தவிர கை வைக்கல, அதையும் சொல்லணும், ஆனா ஸ்டேசன் வாசல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தத ஊரே பஸ்ஸுல போகையில வரையில பாத்துச்சு. அதுல ஒருத்தரு வீட்டுக்காரருதான் என் கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டுறவரு.

என் கடைக்கும் வந்தாக. எங்கப்பா ஆரம்பிச்ச கடை, நாப்பத்தி ரெண்டு வருசம், அண்டா சட்டி கரண்டி பந்திப்பாய் டேபிள் சேரு, எல்லாத்துலயும் அடில எங்க எழுத்து குத்தியிருக்கும். எஸ்.ஐ. நல்ல மாதிரியாத்தான் கேட்டாரு, ஆனா ஒவ்வொரு அண்டாவையும் கவுத்து எழுத்தப் பாத்து எண்ணிட்டுப் போனாரு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்லயும் போய்ப் பாத்திருக்காக, அங்கயும் இல்ல. மறுநாள் உங்க பேப்பர்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. கோவத்துல கடை நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன், தை மாசத்துல இருந்து எந்தெந்த தேதில நான் எங்க இருந்தேன், எந்தக் கல்யாணத்துக்கு சாமான் ஏத்துனேன்னு காட்டிட்டா நம்ம மேல சந்தேகம் போயிரும்லன்னு. அப்பத்தான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. தை மாசம் அண்டா காணாமப் போன அன்னைக்கு பின் தெருவுல ஒரு கல்யாணம், எங்கிட்ட டேபிள் சேரு எடுத்திருக்காக, இலைப் பாய், தண்ணி டிரம்மு, ஜல்லிக்கரண்டி வரைக்கும் எடுத்திருக்காக, பெரிய அண்டா எடுக்கல. பங்குனில ஒரு சடங்கு வீடு, தவலை எடுக்கல. வைகாசில கல்யாணம், அண்டா எடுக்கல. ஆவணிலயும் எடுக்கல. நானூறு பேருக்கு சோறு போடுற வீடு உலை வைக்க அண்டா இல்லாம கைலயா வடிச்சாக? அப்ப அத நான் கவனிக்காமலா இருந்தேன், கவனிச்சேன், வேற எவனோ காரைக்குடில இருந்து கம்மி ரேட்டுக்கு இறக்குறான்னு நெனச்சு வயிறெரிஞ்சேன்.

திருடன் ஆடில ஏன் வரலைன்னா ஆடில முகூர்த்தம் கிடையாது. அம்புட்டுத்தாங்க. இதுக்கு சூடம் எதுக்கு.

ஆனா இத மட்டும் வச்சு யார் வீட்டு வாசல்லயும் போய் நின்னு கேக்க முடியாது, கல்யாண வீடுக. அதுனால மேனேஜர் தம்பியப் போய்ப் பாத்தேன். "அண்ணே, நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேன், தப்பா நெனைக்காதீங்க"ன்னாரு. அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அந்த அண்டா போட்டோ இருக்கான்னு கேட்டேன். தொறப்பு விழா அன்னைக்கு எடுத்தது, ஆனில ஒரு கெஸ்டு எடுத்துப் போட்டது, ரெண்டையும் போன்ல பெருசாக்கிக் காட்டுனாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. கார்த்திகைப் படத்துல அண்டா உள்பக்கம் மஞ்சளும் கருப்புமா அங்கங்க பச்சை களிம்போட கிடக்கு. ஆனிப் படத்துல உள்பக்கம் வெள்ளைவெளேர்னு இருக்கு. தம்பி, இது எப்ப வெள்ளையாச்சுன்னேன். ஹவுஸ்கீப்பிங்ல நல்லா பாலிஷ் போட்டிருக்காகன்னு நெனச்சேண்ணேன்னாரு.

பித்தளைய எம்புட்டுத் தேய்ச்சாலும் மஞ்சளாத்தாங்க ஆகும், வெள்ளையா ஆகாது. அது ஈயம். ஐயாவுக்கு வயசு கம்மின்னா ஈயம் பூசுறதப் பாத்திருக்கமாட்டீங்க. பித்தளைலயும் செம்புலயும் சும்மா அப்படியே புளியோ மோரோ விட்டா களிம்பேறிரும், வயித்துக்கு ஆகாது, அதுனால உள்ள வெள்ளீயம் பூசுவாக. ஏனத்த நல்லாத் தேய்ச்சு அழுக்கெடுத்து, கரி அடுப்புல வச்சு துருத்தி போட்டு சூடேத்தி, நவச்சாரப் பொடியத் தூவுனா குப்புன்னு ஒரு புகை வரும் பாருங்க, மூக்கு எரியும், அந்தச் சூட்டோட ஈயக் குச்சிய ஒரு இழுப்பு இழுத்து பஞ்ச வச்சு ஒரே சுத்தா சுத்தித் தொடைச்சா கண்ணாடி மாதிரி ஆயிரும். கொஞ்சம் அசந்தா ஈயம் ஒரு பக்கம் கட்டியா நின்னுரும். சின்னப்புள்ளைல அந்தப் புகை வாசத்துக்காகவே மரத்தடில போய் உக்காந்திருப்போம். எவர்சில்வர் வந்தது, அலுமினியம் வந்தது, அந்தத் தொழில் போச்சு. என் கடைலயே ஒரு பித்தளை கிடையாதே.

திருடுற சாமானுக்கு எவனாச்சும் கைக்காசு போட்டு ஈயம் பூசித் திருப்பி வைப்பானா? சமைக்கப் போறவன்தான் பூசுவான்.

எங்க சுத்துல ஈயம் பூச இன்னும் வர்றது ஒரே ஒரு ஆளு, தேவகோட்டைப் பக்கம், டிவிஎஸ் ஃபிப்டில துருத்தியக் கட்டிக்கிட்டு வருவாரு. ரெண்டு நாள் அலைஞ்சு அவரப் புடிச்சேன். வைகாசில எங்க ஊருக்கு வந்தீங்களாண்ணேன்னு கேட்டா ஒளிவு மறைவே இல்ல, "ஆமா, உங்க பின் தெரு வேப்பமரத்தடில உக்காந்து பெரிய வீட்டு அண்டாவுக்குப் பூசுனேன், முந்தியெல்லாம் ஆச்சி இருக்கையில வருசா வருசம் கூப்புடுவாக, இப்பத்தான் ரொம்ப வருசங்கழிச்சு"ன்னாரு. பட்டப்பகல்ல, மரத்தடில, துருத்தி போட்டு, புகை கிளப்பி! முன் தெருவுல ஹோட்டலு, பின் தெருவுல ஹோட்டல் அண்டாவுக்கு ஈயம். இந்தத் தெருவுல நடக்குறது அந்தத் தெருவுக்குத் தெரியல. பின் தெருவே பாத்துருக்கு, ஒருத்தருக்கும் அது திருட்டாத் தோணல.

அப்புறம் ஆவணிக் கல்யாண வீட்டுக்குப் போனேன். போலீசு கூட வராம நான் மட்டும்தான் வந்திருக்கேன்னு தெரிஞ்சப்புறம் அந்தம்மா அழுதுட்டாக. கொல்லைல வைக்கோல் போர் ஓரமா சாக்கப் போட்டு மூடி வச்சிருக்காக அண்டாவ. திருப்பிக் குடுக்கலாம்னா சாவி வச்சிருக்க பெரியவரு ஊர்ல இல்ல, அதுக்குள்ள போலீசு வந்துருச்சு, பேப்பர்ல வந்துருச்சு, முன்வாசல் வழியாத் தூக்கிட்டுப் போனா திருடன்னு புடிச்சுக்குவாக, என்ன பண்றதுன்னு தெரியாம பத்து நாளா சோறு இறங்கலைன்னாக.

எந்தப் பெரியவருன்னா, ஹோட்டல்ல தோட்டத்துக்குத் தண்ணி விடுறவரு. அதுக்கு முன்னாடி அதே வீட்டுக்கு முப்பத்தஞ்சு வருசம் வாட்ச்மேன். கல்யாணத்துக்கு மறுநாளே மக பிரசவம்னு திருப்பூருக்குப் போயிட்டாரு, அவர்கிட்ட போன் கிடையாது, மருமகன் நம்பருக்கு அடிச்சு விசயத்தச் சொன்னேன், அன்னைக்கு ராத்திரி பஸ்ஸப் புடிச்சு விடியக்காலம் வந்து இறங்கிட்டாரு. நேரா மேனேஜர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நான் கூட இருந்து என் காதால கேட்டது, அப்படியே எழுதுறேன்.

"என்ன பெரியவரே, அன்னைக்கு எல்லாரையும் நிக்க வச்சு யாராச்சும் எடுத்தீங்களான்னு கேட்டேன்ல?"

"நீங்க தையிலயும் வைகாசிலயும் கேட்டது யாரு திருடுனதுன்னு. நான் திருடலைன்னேன். எடுத்தது யாருன்னு கேக்கலையே தம்பி."

"இது கம்பெனி சாமான் இல்லையா?"

"வீட்டத்தான் உங்களுக்கு வாடகைக்கு விட்டாக. ஏனம் ஆச்சியோடதுல்ல."

தம்பி என்னையப் பாத்தாரு. நான் உத்தரத்தப் பாத்தேன்.

விசயம் இதுதான். ஆச்சி உசிரோட இருக்கையில ஒரு ஏற்பாடு வச்சிருந்தாக. ஊர்ல எந்தக் குடியானவன் வீட்டுக் கல்யாணம்னாலும் அண்டா தவலை கேட்டா இல்லைன்னு சொல்லப்படாது, காசு வாங்கப்படாது, நோட்டுல எழுதி கையெழுத்தோ ரேகையோ வாங்கணும், எடுத்தப்ப இருந்தத விட நல்லாத் திருப்பிக் குடுக்கணும். ஆச்சி போனதுக்கப்புறமும் பெரியவரு அத நிறுத்தல, நிறுத்தச் சொல்லி யாரும் அவர்கிட்ட சொல்லவும் இல்ல. பின்வாசல் கதவுல பழைய திண்டுக்கல் மணிப் பூட்டு, சாவியத் திருப்புனா உள்ள டிங்குன்னு ஒரு மணி அடிக்கும், அந்தக் காலத்துல வேலைக்காரன் திருட்டுத்தனமாத் தொறந்தா வீட்டுக்காரவுகளுக்குக் கேக்கட்டும்னு செஞ்ச பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தப்ப டிவில கூட காட்டுனாக. ஹோட்டல்ல பின்வாசல் உபயோகம் இல்லைன்னு அந்தப் பூட்டோடயே விட்டுட்டாக, அழகா இருக்குன்னு அதுக்கும் பக்கத்துல ஒரு அட்டை. ரெண்டு சாவில ஒண்ணு அவுகள்ட்ட, ஒண்ணு பெரியவர் அரைஞாண் கயித்துல. முகூர்த்தத்து அன்னைக்கு மூணு மணிக்கு உலை வைக்கணும், அதுனால அந்த நேரத்துக்கு வந்து எடுத்திருக்காக, ஒளிச்சுச் செய்யணும்னு இல்ல. பிரான்ஸ்காரரு கேட்ட மணி அதுதான்.

நோட்ட எங்க வச்சிருந்தாருங்கிறீங்க, மோட்டார் ரூம்ல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல சுருட்டி. எலி கடிக்காம இருக்கவாம். முதல் பக்கம் 1979. பழைய கணக்குப்பிள்ளை எழுத்து முத்து முத்தா இருக்கு, அப்புறம் பெரியவரு எழுத்து கோணல் மாணலா. தேதி, யாரு வீட்டு விசேசம், என்ன ஏனம், போனது, வந்தது. ஆவணிக் கல்யாணத்துக்கு நேரா வந்தது மட்டும் எழுதல, அவரு திருப்பூர்ல இருந்தாருல்ல. மேனேஜர் தம்பி ஒவ்வொரு பக்கமாத் திருப்பிக்கிட்டே வந்தவரு ஒரு எடத்துல நிறுத்தி, அண்ணே இது உங்க கடைப் பேரு மாதிரி இருக்கேன்னாரு.

வாங்கிப் பாத்தா, 1991 தை. பாத்திரக்கடை வீட்டுக் கல்யாணம், பித்தளை அண்டா ஒண்ணு, போனது, வந்தது. கீழ எங்கப்பா கையெழுத்து.

அது என் கல்யாணம்.

சொந்தமா நூறு அண்டா வாடகைக்கு விடுற மனுசன், பெத்த மகன் கல்யாணத்துக்கு முதல் உலை வைக்க ஆச்சி அண்டாவக் கேட்டு வாங்கியிருக்காரு. ஆச்சி அண்டால முதல் உலை வச்சா குறையில்லாமப் பந்தி முடியும்னு பின் தெருவுல இன்னைக்கும் சொல்றாக, அத எங்கப்பாவும் நம்பியிருக்காருன்னு எனக்கு முப்பது வருசத்துக்கு மேல கழிச்சுத்தான் தெரியுது. அன்னைக்கு எங்க கடை அலுமினியத்துலதான் வடிச்சோம்னு நான் பெருமையா எம்புட்டுப் பேர்ட்டச் சொல்லியிருக்கேன். பெரியவரு ஒண்ணும் பேசாம என்னையப் பாத்து லேசா சிரிச்சாரு. அவருக்கு அத்தனை வருசமாத் தெரியும்.

அண்டாவ அன்னைக்கே முன்வாசல் வழியா எங்க லோடு ஆட்டோலயே கொண்டு வந்து எறக்குனோம். கேமரால நல்லா விழுகட்டும்னு நான்தான் முன்வாசல்னு சொன்னேன். கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கியாச்சு. ஹெட் ஆபீஸ்ல என்ன முடிவுன்னு இன்னும் வரல, ஆனா மேனேஜர் தம்பி தன் பொறுப்புல அந்த நோட்ட ரிசப்சன்ல வச்சு, பெரியவருக்குத்தான் எழுதுற வேலைன்னு சொல்லிட்டாரு, ஏனம் எடுக்குறவுக பகல்ல வந்து எடுத்துக்கலாம். மணிப் பூட்டுச் சாவிய மட்டும் பெரியவர்கிட்ட கேக்கல, கேட்டிருந்தாலும் குடுத்திருக்கமாட்டாரு.

அந்த ரெண்டு பொம்பளைகளையும் வீட்டுக்கே போய் கூப்புட்டாரு. ஒருத்தரு வந்துட்டாக. இன்னொருத்தரு, என் ஆட்டோக்காரர் வீட்டுக்காரம்மா, வரலைன்னுட்டாக. காரைக்குடில ஒரு ஜவுளிக்கடைல வேலைக்குப் போறாக, தினம் பஸ்ஸுல போயிட்டு வரணும். ஏம்மா போகலைன்னு கேட்டேன். "அவுக கூப்புட்டது அவுகளுக்கும் எனக்கும் தெரியும்ணே, பேப்பர்ல வந்தது ஊருக்கே தெரியும்"னாக. அதக் கேட்டுட்டுத்தான் இந்த லெட்டரு.

அதுனால ஐயா, பெருசா ஒண்ணும் கேக்கல. அதே நாலாம் பக்கம், அதே பொட்டி, அதே சைசு எழுத்து. பாத்திரம் திருடு போகல, கல்யாணத்துக்குப் போயிருந்துச்சு, பணிப்பெண்கள் இருவருக்கும் இதுல எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு போடுங்க. அவுக பேரு வேணாம், முன்னயும் போடலைல்ல. பாத்திர வியாபாரி ஒருவர்னு என்னையப் பத்தி எழுதுறதா இருந்தா வாடகைப் பாத்திரம்னு எழுதுங்க. இத எடம் பத்தலைன்னு வாசகர் கடிதத்துல நாலு வரியா வெட்டிப் போட்டுறாதீங்க, அப்படிப் போட்டா ஆச்சி பேய் கதைதான் மிஞ்சும், அத நம்புறதுக்கு ஆளுக இருக்காக.

இன்னொண்ணு. ஐப்பசில ரெண்டு முகூர்த்தத்துக்கு அண்டா இப்பவே நோட்டுல ஏறிருச்சு. நேத்து மேனேஜர் தம்பி கடைக்கு வந்தாரு, என்ன தம்பின்னா, அண்டா கல்யாணத்துக்குப் போற நாள்ல அந்த அட்டைக்குப் பக்கத்துல எடம் காலியா இருக்கு, கெஸ்டு கேக்குறாக, உங்ககிட்ட பித்தளைல ஒண்ணு வாடகைக்குக் கிடைக்குமாண்ணேன்னு கேட்டாரு. எங்கிட்ட பித்தளை இல்ல. தேவகோட்டைல ஒரு பழைய அண்டா விலைக்கு வருதுன்னு ஈயக்காரரு சொல்லியிருக்காரு, வாங்கிப் போடலாம்னு இருக்கேன். நாளைக்கு நூத்தம்பது ரூவான்னு சொல்லியிருக்கேன், அவரு நூறுக்கு நிக்கிறாரு.

இப்படிக்கு,
வாடகைப் பாத்திரக் கடைக்காரன்,
காரைக்குடி வட்டம்.